மூளைப் படமும் நடுக்கத்தின் பேதமும்

கை நடுங்குகிறது, காலடிகள் குறுகுகின்றன, முகத்தில் பாவம் குன்றிவிட்டது, சட்டைப் பித்தானைப் போட முன்னைக் காட்டிலும் நெடுநேரம் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிற முதியவரைக் கண்டதும் பார்க்கின்சன் வியாதி என்று தீர்மானித்துவிடுவது எளிது. ஆனால், ஏறக்குறைய அதே லட்சணங்களோடு வேறு சில வியாதிகளும் வருகின்றன என்பதும், ஆரம்ப காலத்தில் அவற்றைப் பிரித்தறிய முடியாமல் தேர்ந்த வைத்தியர்களே சங்கடப்படுகிறார்கள் என்பதும் பலர் அறியாத சங்கதி. லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உயிரோடிருந்த காலத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் என்று முடிவுகட்டப்பட்ட 100 பேருடைய மூளைகளை அவர்கள் காலஞ்சென்ற பின் பரிசோதித்தபோது, 76 பேருக்கே அந்த நோய் இருந்ததாகத் தெரியவந்தது. மற்ற 24 பேரும் தங்களுக்கில்லாத நோயின் பெயரைச் சுமந்தே வாழ்ந்து முடித்திருக்கிறார்கள்.

பார்க்கின்சன் நோயில், நடுமூளையிலே கருநிறமாகத் தெரிகிற ஒரு சிறு பகுதியில், டோபமைன் என்ற இரசாயனத்தை உண்டாக்கும் உயிரணுக்கள் படிப்படியாக மடிகின்றன. எம்.எஸ்.ஏ. என்று வைத்தியர்கள் சுருக்கமாகக் கூறும் வியாதியிலோ அந்த நாசம் சிறுமூளைக்கும், இரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப் பையையும் ஆளுகிற நரம்பு மையங்களுக்கும் பரவிவிடுகிறது. பி.எஸ்.பி. என்பது மூன்றாவது. அதன் விசேஷ லட்சணம், கண்களைக் கீழ்நோக்கி இறக்க இயலாமையும், காரணமின்றிப் பின்புறமாகச் சாய்ந்து விழுவதும் ஆகும். கனடாவிலுள்ள மாண்ட்ரியல் நகரத்தின் பிளாட்டோ பகுதியில் வீட்டுக்கு வெளியே, தெருவிலிருந்து மேல்மாடிக்கு வளைந்து ஏறுகிற இரும்புப் படிக்கட்டுகள் பிரசித்தமானவை; பனிக்காலத்தில் உறைபனி படிந்த அப்படிகளில், தன் பாதம் எங்கே படுகிறது என்று குனிந்து பார்க்கக் கண் இணங்காத ஒருவர் இறங்குவதை எண்ணிப் பார்த்தால், இந்த வியாதியின் கொடுமை விளங்கும். 1964இல் இதனை விரிவாக வர்ணித்து உலகுக்கு அறிவித்த டொரான்டோ மருத்துவர் மூவரில் ஒருவரான ஓல்ஷெவ்ஸ்கி, அதற்கு முன்பு மாண்ட்ரியல் நரம்பியல் ஸ்தாபனத்தில் பணிபுரிந்தவர். டொனால்ட் பாக்ஸ்டருடன் சேர்ந்து, மூளைத் தண்டின் உயிரணு அமைப்பை வரைந்து காட்டும் நூலை 1954இல் வெளியிட்டவர்.

பெயரைச் சரியாகச் சொல்வதால் நோயாளிக்கு ஆவதென்ன? மருந்து மாறுகிறது, வருங்காலத்தைப் பற்றிய வார்த்தையும் மாறுகிறது. லெவோடோபா என்ற மருந்து பார்க்கின்சன் நோயில் பல ஆண்டுகள் கைகொடுக்கும். மற்ற இரண்டிலும் பெரும்பாலும் அற்ப பலனே தரும். அந்த மருந்தின் சரித்திரத்தில் மாண்ட்ரியலுக்கும் நம் ஊருக்கும் பங்குண்டு. நம் நாட்டுப் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்த செய்தியை தாமோதரன், ராமசாமி என்ற இருவர் 1937இல் சென்னையிலிருந்து வெளியிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து, வியன்னாவில் நடந்த முயற்சிகளை ஒட்டிய காலத்திலேயே, மாண்ட்ரியலின் ஆந்த்ரே பார்போவும் தியடோர் சோர்க்ஸும் அதனை வாய்வழியாக நோயாளிகளுக்குக் கொடுத்து, உடல் விறைப்பு தணிவதைக் கண்டார்கள்.

பார்க்கின்சன் நோயில் குறைந்துபோகும் டோபமைனை உயிருள்ள மனிதனின் மூளையிலேயே கண்ணால் காண வகை செய்தது பெட் ஸ்கேன். வைல்டர் பென்ஃபீல்ட் 1934இல் நிறுவிய மாண்ட்ரியல் நரம்பியல் ஸ்தாபனத்துக்கு, அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் அமைத்த 32 உணரிகள் கொண்ட கருவி 1970களின் நடுவிலேயே வந்து சேர்ந்தது. கிறிஸ் தாம்ஸனும் அவருடைய தோழர்களும் அதனைச் செம்மைப்படுத்திப் புதிய கருவிகளை உருவாக்கினார்கள். இக்கருவிக்கு வேண்டிய கதிரியக்க அணுக்கள் அற்பாயுளுடையவை: ஆக்ஸிஜன்-15 சுமார் 2 நிமிஷத்திலும், ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிஷத்திலும் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே அவற்றை உண்டாக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்க வேண்டியதாகிறது. ஃபுளோரின்-18 ஏற்றிய லெவோடோபாவைச் செலுத்தி, டோபமைன் சேமிப்பை முதன்முதலில் படமாக்கிக் காட்டியவர்கள், அதே கனடாவின் ஹாமில்டன் நகரத்து மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார், ஆண்டு 1983.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டோபமைனைக் காட்டும் ஸ்கேன், குடும்ப வழியாகப் பலருக்கு வரும் சாதாரண நடுக்கத்தைப் பார்க்கின்சன் நோயிலிருந்து நன்றாகவே பிரித்துவிடும். ஏனெனில் முன்னதில் டோபமைனுக்குக் குறைவில்லை. ஆனால் பார்க்கின்சன், எம்.எஸ்.ஏ., பி.எஸ்.பி. மூன்றிலும் படம் மங்கியே தெரியுமாதலால், அவற்றைத் தமக்குள் பிரிக்க அது போதாது. அதற்கு, மூளை எங்கெங்கே சர்க்கரையை எவ்வளவு செலவழிக்கிறது என்று காட்டும் மற்றொரு பெட் ஸ்கேனோ, எம்.ஆர்.ஐ. படமோ துணைக்கு வரவேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் மூளையை நேர் நடுவே பிளந்தாற்போல் பக்கவாட்டில் பார்த்தால், நடுமூளையின் மேல்விளிம்பு இயல்பாகப் புடைத்திருக்கும். பி.எஸ்.பி.யில் அது தட்டையாகி, பின் குழிந்தும் போகிறது. அப்போது நடுமூளை ஒரு சிறு தேன்சிட்டின் தலையும் அலகுமாகவும், கீழேயுள்ள மூளைப்பாலம் அதன் உடலாகவும் தோன்றுவதால் கதிரியக்க நிபுணர்கள் அந்தப் பறவையைத் தேடியே படத்தைப் பார்க்கிறார்கள். எம்.எஸ்.ஏ.யிலோ மூளைப்பாலத்தின் குறுக்கு வெட்டில் சிலுவை வடிவமான வெண்கோடுகள் தென்படலாம். நோய் முற்றியபின் இவை தெளிவாகத் தெரியும். முற்றாத நிலையில் கண் ஏமாறும். அப்போது அளவை உதவுகிறது. இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல், மூளைப்பாலம், நடுமூளை இவற்றின் பரப்பையும், சிறுமூளையோடு இணைக்கும் நரம்புத் தண்டுகளின் அகலத்தையும் விகிதமாக்கி ஓர் எண்ணைக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள். ஒரு மூளையின் சுருக்கத்தை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டுமானால் எல்லா மூளைகளையும் ஒரே சட்டகத்தில் பொருத்த வேண்டுமல்லவா? 152 பேருடைய எம்.ஆர்.ஐ. படங்களைச் சராசரியாக்கி மாண்ட்ரியல் நரம்பியல் ஸ்தாபனம் வகுத்த மாதிரி மூளையே இன்று உலகெங்கும் அச்சட்டகமாகப் பயன்படுகிறது.

நடுக்கம் தோன்றுவதற்கு முன்பே கண்டறிய முடியுமா என்ற வினாவையும் மாண்ட்ரியல் நகரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. கனவில் கண்டதையெல்லாம் உறக்கத்திலேயே கையாலும் காலாலும் நடித்து, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுகிற ஒருவகை உறக்கக் கோளாறு உண்டு. அந்நகரத்தின் ரான் போஸ்டுமா முன்னின்று 24 மையங்களில் இக்கோளாறு உள்ள 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டின்படி, அவர்களுள் 12 ஆண்டுகளில் 73.5 சதவீதத்தினருக்குப் பார்க்கின்சன் நோயோ அதன் இனத்தைச் சேர்ந்த வேறு நோயோ வந்துவிடும். இத்தகையோருடைய மூளைப் படங்களை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதனால் எந்த வியாதி எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதை அறியலாம் என்பதே ஆராய்ச்சியாளர்களின் நம்பிக்கை. எனக்கும் அது நியாயமான நம்பிக்கையாகவே படுகிறது.

படம் மட்டுமே தீர்ப்புச் சொல்லிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். விரலைத் தட்டச் சொல்லியும், தோளைப் பின்னால் இழுத்தும், கண்ணசைவைக் கவனித்தும் வைத்தியர் செய்கிற பரிசோதனையில் எழுகிற சந்தேகத்துக்குத்தான் படம் விடையளிக்கிறது. சந்தேகத்தை எழுதாமல் அனுப்பிய ஸ்கேன் பெரும்பாலும் "குறிப்பிடத்தக்கது ஒன்றுமில்லை" என்ற அறிக்கையோடு திரும்பி வரும். ஆகையால் சென்னையிலோ மதுரையிலோ எம்.ஆர்.ஐ.க்குச் செல்பவர்கள், எந்த வியாதியைப் பற்றிய ஐயம் என்பதை வைத்தியரிடம் சீட்டில் எழுதி வாங்கிச் செல்வதும், பழைய ஃபிலிமையும் குறுந்தகட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருந்து அடுத்த முறை எடுத்துச் செல்வதும் மிகுந்த பயன் தரும். முதற்படத்தில் தெளிவாகாத நடுமூளையின் சுருக்கம், ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் எடுத்த படத்தோடு வைத்துப் பார்க்கும்போது வெளிப்படக்கூடும்.