சிறிய உடலுக்கு ஏற்ற விங் சுன்

உருவத்தில் சிறிய பெண் ஒருவர் சீனத் தற்காப்புக் கலை கற்க விரும்பினால், முதலில் பார்க்க வேண்டியது தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வளர்ந்த விங் சுன். இங் முய் என்ற பௌத்தத் துறவி, யிம் விங் சுன் என்ற இளம்பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்த கலை இது என்பார்கள். அந்தக் கதைக்கு வரலாற்றுச் சான்று கிடையாது. ஆனால் சிறிய உடலுக்கு இது ஏற்றது என்பதற்குக் கலையின் அமைப்பே போதுமான சான்று. கைகால் நீண்டவருக்குத் தூரம்தான் பலம். விங் சுன் அந்தத் தூரத்தைக் கடந்து, அவர் கையை முழுதாக நீட்டவே முடியாத நெருக்கத்துக்குள் புகுந்துவிடுகிறது. குத்து மார்பின் நடுவிலிருந்து நேராகப் போகும். முழங்கை விலாவை ஒட்டித் தாழ்ந்திருக்கும். 'சி சாவ்' பயிற்சியில் இருவர் முன்கைகளை ஒட்டவைத்துச் சுழற்றுகிறார்கள். எதிராளி அழுத்தும்போது அந்த விசையோடு மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, திறந்த இடத்தில் அடிக்கப் பழகுகிறார்கள்.

எண்பது கிலோ ஆள் மேலே பாய்ந்தால் நுட்பம் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எடைக்கு மதிப்பு இருப்பதால்தான் குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகளே வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்தபின் போராடவும் விங் சுன் அதிகம் கற்றுத்தருவதில்லை. ஆனால் தெருவில் அந்தப் பெண்ணுக்கு வெற்றிப் பதக்கம் தேவையில்லை. பிடியை விடுவித்து ஓட இரண்டு நொடி கிடைத்தால் போதும். அதற்கு இந்தக் கலை பொருந்தும், பயிற்சி உண்மையாக இருந்தால். ஆகவே சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். எதிரே நிற்பவர் சொன்னபடி கையை நீட்டிக்கொடுக்கிறாரா, நிஜமாகவே இழுத்துத் தள்ளுகிறாரா என்று கவனியுங்கள். இழுத்துத் தள்ளும் வகுப்பில் சேருங்கள்.