முதியோர் வன்கொடுமை: அடையாளம் காணுங்கள், தயங்காமல் சொல்லுங்கள்

சிங்கப்பூரின் சைனாடவுன் தமிழருக்கு அந்நியமான இடமன்று. 1826இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலும் 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றும் அருகருகே நிற்கின்றன. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் கிரேத்தா ஆயர். அந்த வட்டாரத்தின் அடுக்குமாடி வாடகை வீடுகளில் மூத்தோர் பலர் தனியாகவோ, தம்மைப் போலவே வயதான ஒருவரின் துணையிலோ வாழ்கிறார்கள்.

அங்குள்ள சேகோ லேனில் ஒரு காலத்தில் ‘மரண வீடுகள்’ இருந்தன. குடும்பமில்லாத முதிய தொழிலாளர்கள் கடைசி நாள்களைக் கழிக்க அங்கே போய்ப் படுத்தார்கள். 1961இல் அவை தடைசெய்யப்பட்டன. அன்று கைவிடப்பட்ட முதுமை தெருவில் போவோர் கண்ணில் பட்டது. இன்று முதியவருக்கு நேரும் கொடுமை வீட்டுக் கதவுக்குள் நடக்கிறது. செய்பவரும் பெரும்பாலும் உறவினர். அதனால்தான் அதைக் கண்டுகொள்ளும் பொறுப்பு அக்கம்பக்கத்தாருக்கும் மருத்துவமனை ஊழியருக்கும் உறவினருக்கும் கூடுதலாக இருக்கிறது.

இது உடல்நலப் பிரச்சினை

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதை எட்டியவர்களில் ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகை வன்கொடுமைக்கு ஆளாகிறார். சிங்கப்பூரில் 2030வாக்கில் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். ஆகவே இது எங்கோ யாருக்கோ நடப்பது என்று ஒதுக்க முடியாது.

இதன் பாதிப்பு காயத்தோடு முடிவதில்லை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1982 முதல் 2,812 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1998இல் வெளிவந்தது. 13 ஆண்டுகளுக்குப் பிறகு, வன்கொடுமைக்கு ஆளானவர்களில் 9 விழுக்காட்டினரே உயிரோடு இருந்தனர். அத்தகைய புகார் எதுவும் இல்லாதவர்களில் 40 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர். நோயையும் வயதையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பதுபோல் இதையும் பார்த்தாக வேண்டும்.

எவையெல்லாம் வன்கொடுமை?

அடிப்பது, தள்ளுவது, கட்டிப்போடுவது, பாலியல் தொல்லை தருவது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஓயாமல் ஏசுவது, ‘முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவேன்’ என்று மிரட்டுவது, யாரோடும் பேசவிடாமல் அறையில் அடைப்பது மனத்தைச் சிதைக்கும் வன்கொடுமை. சாப்பாடு, மருந்து, குளியல், மூக்குக்கண்ணாடி, செவிப்புலன் கருவி போன்றவற்றைத் தராமல் விடுவது புறக்கணிப்பு. சேமிப்பையும் வீட்டையும் ஏமாற்றிப் பறிப்பது நிதி வன்கொடுமை.

தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாமல் போவதும் உண்டு. தனியாக வாழும் முதியவர் மருந்தை நிறுத்துகிறார், கெட்டுப்போன உணவை உண்கிறார், நடக்க வழியில்லாத அளவுக்கு வீட்டில் பொருள்களைக் குவிக்கிறார். இங்கே குற்றவாளி என்று யாரும் இல்லை. ஆனாலும் உயிருக்கு ஆபத்து உண்டு.

உடல் சொல்லும் அடையாளங்கள்

முதியவர் தோல் மெலிந்திருக்கும். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்பவருக்கு இலேசாக இடித்தாலே கன்றிப்போகும். எனவே கன்றிப்போன இடத்தைப் பார்த்ததும் யாரையும் குற்றம்சாட்டக் கூடாது. எந்த இடத்தில் கன்றியிருக்கிறது என்று பாருங்கள். தற்செயலாக ஏற்படுபவை பெரும்பாலும் கை கால்களில்தான் இருக்கும். முகம், காது, கழுத்து, முதுகு, பிட்டம், உள்ளங்கால் ஆகிய இடங்களில் இருந்தால் விசாரிக்க வேண்டும். மணிக்கட்டைச் சுற்றிய தழும்பு கட்டிவைத்ததைக் காட்டலாம். நிறத்தை வைத்து எத்தனை நாளுக்கு முந்தைய காயம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

காரணம் தெரியாத எடைக்குறைவு, வறண்ட உதடு, மருந்திடாத படுக்கைப் புண், நாள்கணக்கில் மாற்றாத டயப்பர், அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவையும் எச்சரிக்கைகளே. படுக்கைப் புண் நல்ல கவனிப்பிலும் வரும். ஆனால் அது சீழ் பிடித்து நாறும்வரை மருத்துவரிடம் காட்டாமல் வைத்திருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

நடத்தை சொல்லும் அடையாளங்கள்

மகனோ மருமகளோ பணிப்பெண்ணோ உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துகிறாரா? மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் கூட வந்தவரே பதில் சொல்கிறாரா? காயத்துக்குச் சொல்லும் காரணம் ஒவ்வொரு முறையும் மாறுகிறதா? தவறாமல் கோயிலுக்கும் தேக்கா சந்தைக்கும் வந்துகொண்டிருந்தவரைத் திடீரென்று காணோமா?

முதுமை மறதி உள்ளவர், ‘என்னை அடிக்கிறாங்க’ என்று சொன்னால் ‘நினைவு தப்பிப் பேசுறாங்க’ என்று பலர் கடந்துவிடுகிறார்கள். அவருக்கு நேற்றைய தேதி மறந்திருக்கலாம், அச்சம் மறந்துபோவதில்லை. அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு விசாரிப்பதே முறை.

பணம் சொல்லும் அடையாளங்கள்

திடீரென்று பெரிய தொகை எடுக்கப்படுவது, கையில் சேமிப்பு இருந்தும் கட்டணங்கள் பாக்கி நிற்பது, புதிதாக அறிமுகமானவர் வங்கிக்குக் கூட வருவது, அவசர அவசரமாக உயில் மாறுவது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

சிங்கப்பூர் மறக்க முடியாத வழக்கு ஒன்று உண்டு. சுமார் 40 மில்லியன் வெள்ளி சொத்துள்ள, பிள்ளைகள் இல்லாத மூதாட்டியின் வீட்டில் 2009இல் குடியேறிய முன்னாள் சுற்றுலா வழிகாட்டி ஒருவர், அவர் சார்பில் முடிவெடுக்கும் நீண்டகால அதிகாரப் பத்திரத்தையும் 2012இல் பெற்றுக்கொண்டார். மூதாட்டிக்கு முதுமை மறதி இருப்பது 2014இல் உறுதியானது. உறவுப் பெண் வழக்குத் தொடுத்த பிறகுதான் உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அந்தப் பத்திரமும் அதே ஆண்டு ரத்தானது. 1.1 மில்லியன் வெள்ளியைக் கையாடியதற்கும் குடிநுழைவுக் குற்றங்களுக்கும் சேர்த்து அந்த வழிகாட்டிக்கு 11 ஆண்டு 2 மாதச் சிறை. ஓர் உறவினர் விடாமல் கேள்வி கேட்டதால் நடந்த மீட்பு அது.

எப்படிக் கேட்பது?

தனியாக இருக்கும்போது, அவருடைய மொழியில், குற்றம்சாட்டாத குரலில் கேளுங்கள். ‘வீட்டுல யாரையாச்சும் பார்த்தா பயமா இருக்கா பாட்டி?’ ‘நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து கிடைக்குதா தாத்தா?’ ‘உங்க பணத்தை யாரு பார்த்துக்கிறாங்க?’ இந்த மூன்று கேள்விகளே பல கதவுகளைத் திறக்கும்.

பதில் உடனே வராது. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. ‘போலிஸ் வந்தா அவன் வேலை போயிடும்’, ‘வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது’ என்பார். ‘இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை’ என்று சொல்லி, தொடர்ந்து போய்ப் பாருங்கள். கொடுமை செய்பவரிடம் நேரடியாகச் சண்டைக்குப் போகாதீர்கள்; நீங்கள் திரும்பியபின் அடி விழுவது முதியவருக்கே.

யாரிடம் சொல்வது?

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் போலிஸை 999இலும் ஆம்புலன்ஸை 995இலும் அழையுங்கள். பாலியல் வன்கொடுமை என்று சந்தேகித்தால் அவரைக் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் உடனே போலிஸிடம் சொல்லுங்கள்.

மற்ற நேரங்களில், வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும் இயங்குகிறது. அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்துக்கும் நேரில் போகலாம். பேவ், டிரான்ஸ் சேஃப் போன்ற சிறப்பு நிலையங்கள் வன்முறை நடக்கும் குடும்பங்களோடு பல்லாண்டாகப் பணியாற்றி வருகின்றன.

நிரூபணம் தேடி அலைய வேண்டாம். பார்த்தது, கேட்டது, நாள், நேரம், வீட்டு எண் போதும். ஆராய்வது அதிகாரிகளின் வேலை.

சட்டம் யார் பக்கம்?

எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பெரியவர்களுக்கான சட்டம் 2018 மே மாதம் நிறைவேறி, டிசம்பர் 19 அன்று நடப்புக்கு வந்தது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத 18 வயது அல்லது அதற்கு மேற்பட்டோரை அது காக்கிறது. அதிகாரிகள் வீட்டுக்குள் நுழைந்து நிலைமையை மதிப்பிடலாம். வேறு வழியில்லாதபோது பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்லலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவரின் அடையாளத்தையும் அது காக்கிறது.

பெண்கள் சாசனத்தின்கீழ் தாயும் தந்தையும் தம் பிள்ளைக்கு எதிராகத் தனிநபர் பாதுகாப்பு ஆணை கோரலாம். அதன் பெயரில் பெண்கள் என்று இருந்தாலும் ஆண்களுக்கும் அந்த உரிமை உண்டு. 2025 ஜனவரி 2 முதல் மனத்தைத் துன்புறுத்துவதும் வன்முறை என்று அது தெளிவாகச் சொல்கிறது. பிழைக்க வழியற்ற, 60 வயதை எட்டிய பெற்றோர், 1995ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம்.

பராமரிப்பவரையும் கவனியுங்கள்

இரவெல்லாம் விழித்திருந்து, பகலில் வேலைக்கும் போய், தனியாளாகத் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகள் ஒருநாள் கை ஓங்கிவிடக்கூடும். அது நியாயமாகாது, ஆனால் தடுக்கக்கூடியது. கை ஓங்கும் முன் உதவி கேளுங்கள். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800-650-6060 எண்ணில் பகல்நேரப் பராமரிப்பு, தற்காலிக ஓய்வுப் பராமரிப்பு, நிதியுதவி பற்றி விசாரிக்கலாம். உடன்பிறந்தவர்கள் வாரத்தில் ஓர் இரவாவது பொறுப்பேற்றால் பெரிய துன்பங்கள் தவிர்க்கப்படும்.

இன்றே செய்யக்கூடியவை

நினைவு தெளிவாக இருக்கும்போதே நம்பகமானவருக்கு நீண்டகால அதிகாரப் பத்திரம் எழுதுங்கள்; ஒருவரை மட்டும் நம்பாமல் இருவரை நியமிக்கவும் வழியுண்டு. வங்கி அட்டையின் ரகசிய எண்ணை யாரிடமும் கொடுக்காதீர்கள். துடிப்பான மூப்படைதல் நிலையம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று நாலு பேர் உங்களைத் தேடும் இடம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அண்டை வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சந்தேகம் தவறாக இருந்தால் ஒரு குடும்பத்துக்குச் சற்றுச் சங்கடம், அவ்வளவே. சந்தேகம் சரியாக இருந்து நீங்கள் பேசாமல் விட்டால் ஓர் உயிர் போகலாம். 1800-777-0000 என்ற எண்ணை இப்போதே கைப்பேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். தேவை என்று மனம் சொன்னால் அன்றே அழையுங்கள்.