பழைய பட்டை ரம்பம்

மரவேலையில் பிரியம் கொண்டு வீட்டின் பின்கட்டில் சிறு பட்டறை வைத்திருப்பவர்கள், பழைய வார்ப்பிரும்புப் பட்டை ரம்பம் ஒன்று நியாயமான விலைக்குக் கிடைக்குமாயின் தயங்காமல் வாங்கலாம் என்பதே என் அபிப்பிராயம். தச்சர்கள் ‘பேண்ட் சா’ என்று அழைக்கும் இந்த யந்திரத்தின் தத்துவம் எளியது: மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்கள், அவற்றின்மீது ஓயாமல் ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை. லண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் பட்டையின் இரு முனைகளையும் அறுந்துபோகாதபடி இணைக்கும் உபாயம் அன்று கைகூடவில்லை. 1846-இல் ஆன் பாலின் கிரெபின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி பட்டையைப் பற்றவைக்கும் முறை ஒன்றைக் கண்டு, அதன் உரிமையைப் பாரிஸ் நகரத்துப் பெரின் கம்பெனிக்கு விற்ற பிறகே இது தொழிலுக்கு உகந்த யந்திரமாயிற்று.

வாங்கும்போது முதலில் வார்ப்பைப் பாருங்கள். துரு மண்ணெண்ணெய்க்கும் உப்புத்தாளுக்கும் பணிந்துவிடும். தேய்ந்த பேரிங்குக்கு மாற்று கடையிலேயே கிடைக்கும். மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் கண்டென்சரை மாற்றினால் போதும். உடலிலோ சக்கரத்தின் ஆரத்திலோ விரிசல் கண்டிருந்தால் மட்டும், விலை எத்தனை மலிவாயினும், விட்டுவிடுவதே விவேகம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த ரம்பம் கோட்டை விட்டு விலகி அறுத்தால், பலரும் உடனே மேஜைக்கு மேலும் கீழும் பட்டையைப் பிடித்து நிறுத்தும் வழிகாட்டிக் கட்டைகளைக் குற்றவாளியாக்கி, அவற்றை இறுக்கிக்கொண்டே போகிறார்கள். இது நோய் ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறிடத்தில் பூசும் காரியம். இறுக்கிய கட்டை உராய்ந்து பட்டையைச் சூடேற்றுமே தவிர, அதை நேராக ஓடச் செய்யாது.

உண்மையான காரணம் பெரும்பாலும் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ரப்பரில் இருக்கிறது. மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பட்டையைக் கழற்றி, கட்டைவிரலால் ரப்பரை அழுத்திப் பாருங்கள். நெடுநாள் சும்மா நின்ற யந்திரமானால் நகம் பதியாத அளவுக்கு அது இறுகியிருக்கும். பட்டை அழுத்திய இடத்தில் வாய்க்கால்போல் ஒரு பள்ளமும், அதில் மரப்பிசினோடு கலந்து கருத்துக் கெட்டித்துப்போன மரத்தூளும் தென்படும். புதிய ரப்பரின் முகப்பு நடுவில் சற்றே மேடிட்டிருக்கும். பட்டை எப்போதும் அந்த மேட்டை நாடி ஏறுவதாலேயே சக்கரத்தை விட்டு நழுவாமல் ஓடுகிறது. மேடு தேய்ந்து பள்ளமான பிறகு, மேல் சக்கரத்தைச் சாய்க்கும் திருகை எவ்வளவு திருகினாலும் பட்டை முன்னும் பின்னும் அலையத்தான் செய்யும். பழைய ரப்பரை உளியால் சுரண்டி நீக்கி, சக்கரத்தின் விளிம்பைப் பளபளக்கும்வரை துடைத்து, புது ரப்பரை வெந்நீரில் ஊறவைத்து இளக்கி இழுத்து மாட்டுங்கள். பிறகு அதனடியில் உருண்டைக் கம்பி ஒன்றைச் செருகி ஒரு முழுச் சுற்று நகர்த்தினால், ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் விறைத்தும் இல்லாமல் எங்கும் சமமாகப் படியும்.

அடுத்தது பட்டை. 14 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ளதே ஏற்றது. அதைவிடத் தடித்தது, சுற்றுக்குச் சுற்று வளைந்து நிமிர்வதால் சோர்ந்து, பல்லடியில் கீறி அறுந்துபோகும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கியிருந்தால் கூர்மை எஞ்சியிருக்கும் பக்கத்துக்கு அறுப்பு இழுபடும் என்பதையும் மனத்தில் கொள்க. அத்தகைய பட்டையை எந்தத் திருகாலும் திருத்த முடியாது. கனத்த மரத்தை நெடுக்காகப் பிளக்க அங்குலத்துக்கு மூன்று பல் உள்ள பட்டையே உதவும்; பல் நெருக்கமானால் இடுக்குகளில் தூள் அடைத்துக்கொண்டு பட்டை வயிறு தள்ளும்.

இவ்வளவும் சரியான பின்னரே வழிகாட்டிகளைத் தொட வேண்டும். பக்கக் கட்டைகளுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு காகிதத்தின் கனம் இடைவெளி விட்டு, அவை பல்லைத் தீண்டாதபடி பல்லடிக்குப் பின்னால் நிறுத்துங்கள். பின்புறப் பேரிங் வெற்றோட்டத்தில் பட்டையைத் தொடாமல், மரத்தைத் தள்ளும்போது மட்டும் சுழல வேண்டும். இணைப்பைக் கொடுக்குமுன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, இரு கதவுகளையும் அடைத்துவிடுங்கள். நெடுநாள் நின்றதால் வளைந்தபடியே உறைந்த பெல்ட்டாலும் யந்திரம் அதிரும் என்பதால், அதையும் மாற்றிவிட்டால் நல்லது.

வேலை முடிந்ததும் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி வையுங்கள். புது ரப்பரில் பள்ளம் விழாமலும் ஸ்பிரிங் சோர்ந்துபோகாமலும் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. தந்தையோ பாட்டனாரோ விட்டுச்சென்ற ரம்பத்தை, நேராக அறுக்கவில்லை என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட எண்ணியிருப்பவர்கள், தயவுசெய்து அதன் ரப்பரையும் பட்டையையும் ஒருமுறை மாற்றிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.