மக்காச்சோளத்தில் களை: மருந்து அடிப்பதா, மூடாக்குப் போடுவதா?



மேல்சித்தாமூரிலும் சுற்றுப்பட்டிலும் குத்தகைக்குக் கொல்லை எடுத்து மக்காச்சோளம் போடுகிறவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டவில்லை. மருந்து அடித்துவிடலாமா?" அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. குத்தகைப் பணமும் விதைச் செலவும் கடனாக நிற்கிற வீட்டுக்கு அந்தப் பதில் உதவாது. அதனால் அதற்கு மாற்றான மூடாக்கைப் பற்றி, அதன் குறைகளையும் சேர்த்தே, இந்த இதழில் எழுதுகிறோம்.

மக்காச்சோளம் முளைத்த முதல் 45 நாள்தான் களையால் ஆபத்து. இரண்டடி இடைவெளியில் பார் பிடித்து விதைக்கிறோம். இலைகள் விரிந்து அந்த இடைவெளியை நிழலால் மூடும்வரை வெயில் நேராகத் தரையில் விழுகிறது. சாரணை, பண்ணைக்கீரை, பார்த்தீனியம் எல்லாம் அந்த வெயிலில்தான் கிளம்புகின்றன. பயிர் ஆளுயரம் வந்தபின் களை முளைத்தாலும் பெரிதாகக் கெடுப்பதில்லை.

கடையில் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் அட்ரசின். மக்காச்சோளம் அதைத் தாங்கும். உளுந்து, தட்டைப்பயறு தாங்காது. ஊடுபயிராகப் பயறு போடுகிற இடத்தில் அட்ரசின் கூடாது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே சொல்கிறது. இன்னொன்று தண்ணீர். இந்த மருந்து மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கக்கூடியது. அந்தக் காரணத்தால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இதற்கு அனுமதி இல்லை என்று முடிவு செய்தது. கொல்லைக் கிணற்றிலேயே குடத்தை முக்கிக் குடிக்கிற குடும்பங்கள் இதை யோசிக்க வேண்டும்.

மூடாக்கு என்பது பெரிய வித்தை அல்ல. தரையைக் காய்ந்த சருகாலோ தாளாலோ மூடுவதுதான். வெளிச்சம் படாத இடத்தில் சிறு விதைகள் முளைப்பதில்லை. முளைத்தாலும் மேலே வர வலுவில்லாமல் வெளுத்துச் சாகும். ஈரமும் காயாமல் நிற்கும். 2013இல் மறைந்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்னவற்றில் இதுவும் ஒன்று.

எதைப் போடுவது என்பதில்தான் நம் பக்கத்து விவசாயி இடறுகிறார். புத்தகங்கள் வைக்கோல் என்கின்றன. வைக்கோல் மாட்டின் தீனி. கோடையில் அதற்கு என்ன விலை என்று மாடு வைத்திருக்கும் வீட்டுக்குத் தெரியும். மணிலாக் கொடியோ அதைவிட நல்ல தீவனம். குர்பானிக்கு ஆடு வளர்க்கிறவர்கள் அதைத் தரையில் பரப்ப மாட்டார்கள், பரப்பவும் வேண்டாம். நாம் சொல்வது கரும்புச் சோகை. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியபின் சோகையைக் கழனியிலேயே கொளுத்துகிறார்கள். புகை வீட்டுக்குள் வருகிறது, சோகையிலுள்ள தழைச்சத்தும் அந்தப் புகையோடு போகிறது. கொளுத்தும் முன் போய்க் கேட்டால் பெரும்பாலும் வண்டிக் கூலியோடு முடிந்துவிடும். கரும்பு நட்ட ஒரு வாரத்துக்குள் சோகையைப் பார்மேல் பரப்பச் சொல்வது பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரைதான். மக்காச்சோளத்துக்கும் அதே சோகை உதவும். போன போகத்து மக்காச்சோளத் தட்டையும் ஆகும். ஆனால் ஒரு சாண் அளவுக்காவது நறுக்கிப் போட வேண்டும். முழுத் தட்டைக்குள் தண்டுத் துளைப்பான் புழு ஒளிந்திருந்து அடுத்த பயிருக்கு வரும்.

விதைத்தவுடன் மூடினால் முளையே மூச்சுத் திணறும். 17, 18ஆம் நாள் ஒரு முறை களை வெட்டி, உரம் வைத்து, லேசாக மண் அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் கட்டி, கால் புதையாத ஈரத்தில் வரிசைகளுக்கு நடுவே மூன்று, நான்கு அங்குல கனத்தில் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். சோகை தண்டை ஒட்டிக் கிடந்தால் அழுகும். ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு டன், அதாவது சென்ட்டுக்கு 20 கிலோ பிடிக்கும். கனம் குறைந்தால் பயனில்லை. அரைகுறையாகத் தூவிவிட்டு "மூடாக்கு வேலை செய்யவில்லை" என்று சொல்வது நியாயமல்ல.

இனி குறைகள். கோரையும் அறுகும் இதற்கு அடங்காது. கோரைக் கிழங்கு சோகையைக் குத்திக்கொண்டு மேலே வரும். அந்தக் கொல்லையைக் கோடையில் ஆழ உழுது, கிழங்கை வெயிலில் காயவிட்டுத்தான் தொடங்க வேண்டும். செம்மண்ணில் காய்ந்த சோகைக்குக் கரையான் வரும். அடிக்கடி புரட்டிப் பாருங்கள். புரட்டும்போது கையால் வேண்டாம், குச்சியால் புரட்டுங்கள். எலி வரும் இடத்துக்குப் பாம்பும் வரும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் சோகையை ஒதுக்கி வடிகால் வெட்டிவிடுங்கள். தேங்கிய நீரை மக்காச்சோளம் தாங்காது.

பயிர் வெளிறினால் பயந்துவிட வேண்டாம். சோகையில் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைக் கடனாக எடுத்துக்கொள்கின்றன. மேலே கிடக்கும்போது இது கொஞ்சம்தான். பச்சையாக உழுது மண்ணில் கலந்துவிட்டால்தான் அதிகம். எனவே பயிர் நிற்கும்போது கிளறிப் புதைக்காதீர்கள். ஜீவாமிர்தத்தில் மாட்டுச் சிறுநீர் சேர்வதால், உடையில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டுமே என்று நம்மில் சிலர் தயங்குகிறார்கள். அது இல்லாமலும் முடியும். மூடுவதற்கு முன் மக்கிய எருவும் மண்புழு உரமும் போடலாம், கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றலாம். மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

உஷர் பற்றியும் கேட்கிறார்கள். செலவைக் குறைக்க எந்த முறையைப் பின்பற்றினாலும் அளவு மாறாது: மானாவாரிக்குப் பத்தில் ஒரு பங்கு, கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒரு பங்கு. மற்ற விவரங்களை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறையிலேயே ஏக்கர் முழுவதும் செய்ய வேண்டாம். பத்து சென்ட்டுக்கு 200 கிலோ சோகை போதும், ஒரு மாட்டுவண்டி. பக்கத்துப் பத்து சென்ட்டை வழக்கம்போல விடுங்கள். இரண்டுக்கும் களை வெட்ட எத்தனை ஆள் ஆனது, எத்தனை முறை தண்ணீர் கட்டினீர்கள், எத்தனை மூட்டை வந்தது என்று தனித்தனியே எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு லாபமோ நஷ்டமோ, கொண்டுவந்து கொடுத்தால் அறுவடைக்குப் பின் வரும் இதழில் போடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.