தொட்டிக் கடலுக்குச் சொட்டுக் கணக்கு

திருவனந்தபுரத்தில் கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதை வீட்டு வரவேற்பறையில் உயிரோடு வைத்திருப்பது வேறு சமாசாரம். அளக்காமல் ஊற்றும் ஒரு சொட்டும் அதிகம்.

திருவனந்தபுரத்துக்காரர்கள் மாலையில் காற்று வாங்கப் போகும் இடம் சங்குமுகம் கடற்கரை. இந்த ஊரில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவருக்கு முதலில் தோன்றும் யோசனை சுலபமானது: குடத்தை எடுத்துப்போய் முகந்து வந்தால் போதுமே, கடல்நீரில் எல்லாச் சத்தும் இருக்கிறதே!

இருக்கிறது. கூடவே வேறு சிலதும் இருக்கலாம். வடக்கே வேளியில் உள்ள டைட்டானியம் ஆலையிலிருந்து அமிலமும் இரும்பும் கலந்த கழிவுநீர் பல பத்தாண்டுகள் கடலில் விடப்பட்டு வந்தது. 2021 பிப்ரவரியில் அதே ஆலையிலிருந்து கசிந்த எண்ணெய் கரையைக் கறுப்பாக்கியது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா-3 கப்பலிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கரை வரை வந்து ஒதுங்கின. பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் வேறு கரையோர நீரின் உப்பைக் குறைத்துவிடும்.

எனவே தொட்டிக்காரர்களில் பலர் நம்புவது கடையில் விற்கும் செயற்கைக் கடல் உப்பைத்தான். அதை ஆர்.ஓ. நீரில், கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்ற கடலின் அளவுக்குக் கரைத்தால் கடல் தயார். ஆனால் இந்தக் கடல் 100 லிட்டர் கடல். அசல் கடலில் பவள உயிர்கள் எவ்வளவு கால்சியத்தை உறிஞ்சினாலும் நீரின் தன்மை மாறுவதில்லை. தொட்டியில் சில நாட்களிலேயே கணக்கு இடிக்க ஆரம்பிக்கிறது. குறைந்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பாட்டில்கள் வீட்டுக்குள் வருவது இந்தக் கட்டத்தில்தான். கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், அயோடின், இரும்பு என்று ஆளுக்கொரு லேபிள்.

லேபிளில் எழுதியிருக்கும் அளவு யாருக்காக என்பதுதான் கேள்வி. வெளிநாடுகளில் இந்தத் தொட்டிகளின் கதாநாயகன் கல் பவளம். கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் எலும்புக்கூட்டைக் கட்டும் உயிர் அது. இந்தியாவில் நிலைமை வேறு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளையே வெட்டிய காலம் ஒன்று இருந்தது. 2001 ஜூலையில் கல் பவளங்களும் கடல் விசிறிகளும் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலி இருக்கும் அதே அட்டவணை. அவற்றை உடைத்து எடுப்பதும் விற்பதும் குற்றம். சட்டத்தை மதிக்கும் தொட்டியில் கல் பவளம் கிடையாது. கோமாளி மீன்களும் மென் பவளங்களும்தான். இவற்றின் கால்சியப் பசி மிகக் குறைவு. கல் பவளத்துக்கு எழுதிய அளவை இங்கே அப்படியே ஊற்றுவது, பயில்வானின் சாப்பாட்டைக் கைக்குழந்தைக்கு ஊட்டுவது போல.

எண்களைப் பார்த்தால் ஆபத்து புரியும். 1 லிட்டர் கடல்நீரில் கால்சியம் சுமார் 410 மில்லிகிராம், மெக்னீசியம் சுமார் 1,280. ஸ்ட்ரான்ஷியம் வெறும் 8. அயோடின் 0.06தான். அதாவது 100 லிட்டர் தொட்டிக்குத் தேவையான மொத்த அயோடினே 6 மில்லிகிராம். 5 சதவீத லுகால் கரைசலின் ஒரே ஒரு சொட்டில் ஏறக்குறைய அவ்வளவு அயோடின் இருக்கிறது. ஒரு சொட்டு தவறினால் தொட்டியின் அயோடின் இரட்டிப்பாகிவிடும். தாமிரத்தின் கதை இன்னும் மோசம். நோயுற்ற மீனுக்கு மருந்தாகத் தரும் அளவே இறாலையும் பவள உயிர்களையும் கொன்றுவிடும். பழைய மோட்டாரின் துருப்பிடித்த ஒரு பாகம் போதும், தாமிரம் நீரில் கலக்க.

தவறை நீரை மாற்றிச் சரிசெய்யலாமே என்றால், அதிலும் அவசரம் பலிக்காது. உயிர்கள் பயன்படுத்தாத ஒரு பொருள் அதிகமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாரம் 10 சதவீத நீரை மாற்றினால், ஏழு வாரம் கழித்தும் அந்த அதிகப்படியில் பாதி தொட்டியிலேயே இருக்கும்.

பின் என்னதான் செய்வது? வீட்டுச் சோதனைப் பெட்டியால் நம்பகமாக அளக்கக்கூடியவை மூன்று: கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை. சிரிஞ்சில் நீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் வரை எண்ண வேண்டும். திங்கட்கிழமை அளந்து, எதையும் ஊற்றாமல் வியாழக்கிழமை அதே நேரத்தில் மறுபடி அளந்து, வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் தொட்டியின் ஒரு நாள் தேவை தெரிந்துவிடும். அதை மட்டும் கொடுத்தால் போதும். கால்சியத்தையும் காரத்தன்மைக் கரைசலையும் ஒன்றாக ஊற்றக்கூடாது. இரண்டும் சேர்ந்து வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். பழைய சோதனை மருந்து பொய் சொல்லும் என்பதால், அளவு தெரிந்த புது உப்புநீரில் அவ்வப்போது அதையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இரும்பும் மாங்கனீசும் திறந்த கடலில் லிட்டருக்கு 1 மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை அளக்க, நீரைப் பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் பிளாஸ்மாவாக்கிப் பார்க்கும் ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், வரும் அறிக்கை மாதிரி எடுத்த நாளின் கதையைத்தான் சொல்லும். எனவே சாதாரணத் தொட்டிக்கு எளிய வழி ஒன்றே: தரமான உப்பில் கரைத்த நீரால் வாரம் 10 சதவீதம் மாற்றுவது. நுண்சத்துகள் அதனதன் அளவில் வந்து சேரும். அதிகமானது கொஞ்சம் வெளியேறும். அளக்க முடியாததை ஊற்றாமல் இருப்பதே உத்தமம்.

நகரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியது. ஆனால் உலகமெங்கும் தொட்டிகளுக்குப் போகும் கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்னமும் பாறைகளிலிருந்து பிடிக்கப்பட்டவைதான். ஒரு தொட்டி செத்தால் அதை நிரப்ப மறுபடி கடலுக்குத்தான் கை நீளும். எனவே பாட்டிலுக்கு முன் சோதனைப் பெட்டி, அதோடு ஒரு நோட்டுப் புத்தகம். நம் கணக்குப் பிசகினால் பழி மீனுக்கு.