உங்களுக்குத் தெரியுமா? ஸ்கேனர் கண்ணாடியின் மறுபக்கம்

ஸ்கேனர் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தும் மங்கல் போகவில்லையென்றால், அழுக்கு பெரும்பாலும் அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் அது எப்படி வந்தது? தூசி இடுக்கு வழியே நுழையும். மங்கலாக்கும் படலத்துக்கு இடுக்குகூடத் தேவையில்லை. உள்ளிருக்கும் பிளாஸ்டிக், பசை, மசகு ஆகியவற்றிலிருந்து மெல்ல ஆவியாகும் பொருள்களே கண்ணாடியில் எண்ணெய்ப் பூச்சாகப் படிகின்றன. புதுக் காரின் முன்கண்ணாடியில் உட்புறம் படியும் மங்கலும் இதே வகைதான். ஆகவே இது பராமரிப்புக் குறையல்ல, பொருள்களின் இயல்பு. தூசி ஒரு புள்ளியை மறைக்கும். படலமோ ஒளியைச் சிதறடித்து, படத்தின் கருமையை வெளிறச் செய்யும்.

மென்பொருளில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் போதாதா என்பார்கள். போதாது. சிதறும் ஒளியின் அளவு பக்கத்தில் எவ்வளவு வெளிச்சமான பகுதி இருக்கிறது என்பதைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். ஒரே திருத்தம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதே தீர்வு. அதில் ஆபத்து இல்லையா? உண்டு; உத்தரவாதம் போகலாம். உள்ளே உள்ள ஆடிகளின் பூச்சு மேற்பரப்பிலேயே இருப்பதால் எளிதில் கீறிவிடும், அவற்றைத் தொடவே கூடாது. மின்இணைப்பை எடுத்துவிட்டு, கண்ணாடியைத் தனியே வைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும்; நேராகத் தெளிக்கக் கூடாது. ஓரத்திலுள்ள வெள்ளைப் பட்டையில் கவனம் தேவை: ஸ்கேனர் வெண்மையை அளப்பது அதை வைத்துத்தான். அங்கே ஒரு நூலிழை ஒட்டினாலும் படத்தின் நீளம் முழுக்க ஒரு கோடு விழும்.