மெனுவில் காசிமேடு எங்கே?

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் கிண்டி வரை வண்டி மாறாமல் போய் இறங்கலாம். கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை பாதை நீண்டது முதல், வடசென்னைப் பிள்ளைகள் வேலைக்கும் கல்லூரிக்கும் மட்டுமா தெற்கே போகிறார்கள்? முதல் சம்பளம், அம்மாவின் பிறந்தநாள், தங்கச்சிக்கு நிச்சயமானது என்று ஏதாவது ஒரு சாக்கில் குடும்பத்தோடு சாப்பிடவும் போகிறார்கள். பிரியாணிக்காக யாரும் அவ்வளவு தூரம் அலைவதில்லை. தங்கள் பக்கம் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் போகிறார்கள். அதில் இப்போது இத்தாலியச் சாப்பாட்டுக்கு நல்ல இடம்.

அட்டைப்பெட்டி பீட்சா எண்ணூர் வரை பைக்கில் வந்துவிடுகிறது. உட்கார்ந்து, நிதானமாக, மூன்று நான்கு வகையாகச் சாப்பிட வேண்டுமென்றால் கூவத்தைத் தாண்டியாக வேண்டும். நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் ஹோட்டலின் ‘ப்ரேகோ’, 2012-ல் கிண்டியில் திறந்த ஐ.டி.சி. கிராண்ட் சோழாவின் ‘ஒட்டிமோ’ என்று நகரத்தில் பெயர் சொல்லும் இடங்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

இப்படிப்பட்ட ஓர் உணவகத்தின் மெனு அட்டையைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். தக்காளி என்றால் சான் மர்சானோ தக்காளி. சீஸ் என்றால் பார்மா பக்கத்துப் பார்மிஜானோ, கம்பானியாவின் எருமைப்பால் மொசரெல்லா. வினிகருக்கு மோதெனா. எல்லாவற்றுக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு. அப்படியே கீழே இறங்கிக் கடல் உணவுக்கு வாருங்கள். ‘இறால்’, ‘கணவாய்’, ‘இன்றைய மீன்’. அவ்வளவுதான். ஏழு கடல் தாண்டி வந்த சரக்குக்கு முகவரி இருக்கிறது. ஏழெட்டு கிலோமீட்டரில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கரையேறிய சரக்குக்கு இல்லை.

துறைமுகத்துச் சாப்பாடு

இன்று வெள்ளைத் தட்டில், நடுவில் மட்டும் கொஞ்சமாக வைத்துத் தரும் இந்தச் சாப்பாட்டில் பாதி, இத்தாலியின் காசிமேடுகளில் பிறந்தது. நேப்பிள்ஸ் ஒரு துறைமுக நகரம். அங்கே பீட்சா என்பது 18, 19-ம் நூற்றாண்டுகளில் கூலிக்காரர்களும் மீனவர்களும் தெருவில் வாங்கி, நான்காக மடித்து, நடந்துகொண்டே தின்றது. அந்த ஊர் பீட்சா போடும் கலையை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது 2017-ல்தான். பழைய ‘மரினாரா’ பீட்சாவில் மீனும் கிடையாது, சீஸும் கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ இலை, ஆலிவ் எண்ணெய், தீர்ந்தது. கையில் காசில்லாதவன் சாப்பாடு அது.

லிவோர்னோ இன்னொரு துறைமுகம். அங்கே ‘கச்சுக்கோ’ என்றொரு மீன் குழம்பு பேர்போனது. ஏலத்தில் போகாமல் தங்கிவிட்ட மீன், ஆக்டோபஸ், கணவாய் எல்லாவற்றையும் தக்காளி, பூண்டு, மிளகாய், சிவப்பு ஒயினோடு கொதிக்கவிட்டு, பூண்டு தேய்த்து வாட்டிய ரொட்டிமேல் ஊற்றித் தருவார்கள். ஒயினுக்குப் பதில் புளியைக் கரைத்து ஊற்றினால் காசிமேட்டு வீடுகளில் பொடிமீன் குழம்பு. விலைபோகும் மீன் கூடையில் போய்விடும், போகாதது சட்டிக்கு வரும். இந்தக் கணக்கு லிவோர்னோவிலும் ஒன்றுதான், காசிமேட்டிலும் ஒன்றுதான்.

ஆகவே, வடசென்னையிலிருந்து போகிறவர் அந்த மேசையில் கூச்சப்பட எதுவுமில்லை. சொல்லப்போனால், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அந்தத் தட்டை எடைபோடத் தகுதியானவர் அவர்தான். மீன் ஏலத்தின் நடுவே வளர்ந்த ஓர் அம்மாவை அழைத்துப் போய்ப் பாருங்கள். கத்தி எந்தக் கை, முள்கரண்டி எந்தக் கை என்று மகள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அம்மா, வளையமாக நறுக்கிய ஒரு கணவாய்த் துண்டைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “கடம்பா நல்லாத்தான் இருக்கு, வேகவைக்கத் தெரியல” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தத் தீர்ப்பு அநேகமாகச் சரியாகவும் இருக்கும். கணவாயை ஒன்று, இரண்டு நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட வேண்டும். நடுவில் எடுத்தால் ரப்பர். ரோமில் படித்த செஃப்புக்கும் இதே விதிதான்.

மை யாருக்கு வேண்டும்?

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். வஞ்சிரம், சங்கரா, நண்டு, இறால் என்று கூடை கூடையாகக் கொட்டிய சரக்கில் கணவாயும் இருக்கும். சென்னையில் கடம்பா என்றும் சொல்வார்கள். நீளமாக மெலிந்தது ஊசிக் கணவாய். அகலமாக, உள்ளே வெள்ளை ஓட்டோடு இருப்பது ஓட்டுக் கணவாய். சுத்தம் செய்து தரும் பெண்களின் கை வேகத்தை நின்று பார்க்க வேண்டும். தலையைப் பிடித்து ஓர் இழுப்பு. குடல் முழுதும் கூடவே வந்துவிடும். முதுகைக் கீறி ஓட்டைத் தனியாக எடுத்துப் போடுவார்கள். அதைக் கூண்டுக் கிளிக்கு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. மைப்பை உடைந்தால் எல்லாம் கறுத்துப்போகும் என்பதால், அதைப் பதமாக விலக்கி வாளியில் வீசுவார்கள்.

அந்த வாளிக்குப் போகும் மைதான் வெனிஸ் நகரத்தின் பெருமை. ஓட்டுக் கணவாயின் மையில் அரிசியை வேகவைத்து, தார் போன்ற கறுப்பில் பரிமாறும் ரிசோட்டோ அங்கே பரம்பரைச் சாப்பாடு. சென்னை ஹோட்டல்களில் கறுப்புப் பாஸ்தா, கறுப்பு ரிசோட்டோ என்று தட்டுக்கு நான்கு இலக்கத்தில் விலை வைப்பதும் அதற்குத்தான்.

இந்தியக் கணவாய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் மிகப் பெரிய சந்தை. அதிலும் ஸ்பெயினும் இத்தாலியும் முன்வரிசை வாடிக்கையாளர்கள். நம் கடலில் பிடித்து உறையவைத்த கணவாய் அங்கே கரையிறங்கும்போது ஒரு சட்டம் காத்திருக்கிறது. 2013-ல் ஒன்றியம் கொண்டுவந்த 1379-ம் எண் ஒழுங்குவிதிப்படி, விற்பனைக்கு வரும் மீனின் பெயர், எந்தக் கடற்பகுதியில் பிடித்தது, எந்த வகை வலையில் பிடித்தது என்பதெல்லாம் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். கடைக்குப் போனாலும் சரி, உணவகத்துக்குப் போனாலும் சரி. உலகக் கடல்களை ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் எண் போட்டுப் பிரித்திருக்கிறது. வங்கக் கடல் வருவது 57-ம் பகுதியில்.

விந்தையைப் பாருங்கள். நம் கரையில் ஏறிய ஒரு கணவாய் ஜெனோவா சந்தைக்குப் போனால், ‘57’ என்ற எண்ணாவது அதனோடு போகிறது. அதே கணவாய் நுங்கம்பாக்கம் போனால் அதற்கு ஊருமில்லை, எண்ணுமில்லை.

எண்ணூரில் காக்கா ஆழி, இத்தாலியில் நீல நண்டு

கடல் உணவுப் பாஸ்தாவில் இத்தாலியர்கள் உயிரை விடுவது மட்டி போட்டதற்குத்தான். பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் ஒயின், ஓட்டோடு மட்டி. அது வாய் திறந்து விடும் தண்ணீர்தான் குழம்பு. எண்ணூர்க் கழிமுகத்திலும் மட்டிக்குக் குறைவில்லாத காலம் உண்டு. மஞ்ச மட்டி, இறால், நண்டு என்று கொசஸ்தலை ஆற்று மண்ணைக் கையால் தடவியே பிழைத்த குடும்பங்கள் ஏராளம்.

சில ஆண்டுகளாக அந்த மண்ணை வேறொன்று மூடிவிட்டது. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்துக் கரைகளைச் சொந்த இடமாகக் கொண்ட ஓர் ஓட்டுயிரி. கப்பல்கள் வழியாக வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. பாய் விரித்ததுபோல் தரையை அடைத்துப் படர்கிறது. அடியில் மட்டிக்கு மூச்சில்லை, இறாலுக்கு இடமில்லை.

இத்தாலியில் போ நதி கடலில் கலக்கும் கழிமுகத்துக்கும் இதே தலைவலி. கோரோ, கொமாக்கியோ ஊர்களில் மட்டி வளர்ப்பு பலருக்குப் பிழைப்பு. அட்லான்டிக்கின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த நீல நண்டு 2023-ல் கூட்டமாகப் பெருகி, மட்டிக் குஞ்சுகளைத் தின்று தீர்த்தது. அந்தக் கோடையிலேயே இத்தாலிய அரசு 29 லட்சம் யூரோ ஒதுக்கியது. உணவகங்கள் நீல நண்டு ஸ்பகெட்டி போட்டு விற்கத் தொடங்கின. ‘தின்றே ஒழிப்போம்’ என்பது அந்த ஊர் முழக்கம்.

இங்கே அதைச் சொல்ல முடியாது. ஓட்டுயிரிகள் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. தண்ணீரில் இருப்பது அவற்றின் சதையில் தங்கும். எண்ணூர்த் தண்ணீரில் அனல் மின் நிலையச் சாம்பல் பல காலமாகக் கலந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகம் முழுக்கப் படர்ந்து, வலையும் படகும் கறுத்ததை ஊரே பார்த்தது. கோரோ மட்டி என்று மெனுவில் எழுதினால் விலை கூடும். எண்ணூர் மட்டி என்று எழுத இன்று எந்த உணவகத்துக்குத் துணிச்சல் வரும்?

இத்தாலிய உணவகம் வடக்கே ஏன் வரவில்லை?

வெளிநாட்டுச் சாப்பாடு வடசென்னைக்குப் புதிதில்லை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, அறுபது ஆண்டுகளாகக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். ஸ்பகெட்டியைச் சுழற்றத் தெரியாதே என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லை.

ருசி தடையில்லை என்றால் பிறகென்ன? காசு போகும் திசைதான். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. ஆனால் வெள்ளைக்காரர்களின் பங்களாவும் கடைவீதியும் மவுண்ட் ரோடு பக்கம் நகர, ஆடம்பர விருந்தும் கூடவே நகர்ந்துவிட்டது. ஜக்கோமோ டி ஏஞ்சலிஸ் என்ற ஹோட்டல்காரர் 1906-ல் தன் ஹோட்டலைத் திறந்ததும் மவுண்ட் ரோட்டில்தான்.

இன்றைய காரணம் இன்னும் எளிது. தமிழ்நாட்டில் மேசையில் ஒயின் ஊற்றும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். நட்சத்திர ஹோட்டல் வர, இரவு தங்கும் பணக்கார விருந்தாளி வர வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு தங்குவது கன்டெய்னர் லாரிகள். துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் மின் நிலையமும் இந்தப் பக்கம் வந்தன. அவற்றில் சம்பாதித்த பணம் செலவாகும் இடம் அந்தப் பக்கம் போய்விட்டது.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை

• மெனுவில் ‘ஆன்டிபாஸ்தி’ தொடக்கம், ‘ப்ரிமி’ பாஸ்தாவும் ரிசோட்டோவும், ‘செகோந்தி’ மீனும் கறியும், ‘டோல்ச்சி’ இனிப்பு. ஆளுக்கு நான்கும் வாங்க வேண்டியதில்லை. நான்கு பேருக்கு இரண்டு தொடக்கம், மூன்று பாஸ்தா சொல்லிப் பகிர்ந்துகொள்ளலாம். கூடுதல் தட்டு கேட்டால் தருவார்கள்.

• பாஸ்தா நடுவில் லேசாகக் கடிபட வேண்டும். வேகவில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டாம். குழைவாக வேண்டுமென்றால் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள்.

• மீன் போட்ட பாஸ்தாவுக்கு இத்தாலியர்கள் பொதுவாகச் சீஸ் தூவுவதில்லை. உங்களுக்குப் பிடித்தால் தாராளமாகத் தூவிக்கொள்ளுங்கள், காசு உங்களுடையது.

• தண்ணீர் எது வேண்டும் என்று கேட்டால், பாட்டில் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொல்லலாம்.

• தனி உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18. சேவைக் கட்டணம் கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

• ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாட்களில் ‘இன்றைய மீன்’ என்று சொன்னால், எங்கிருந்து என்று கட்டாயம் கேளுங்கள்.

ஒரு வரி போதும்

அந்தக் கடைசிக் கேள்வியை ஆண்டு முழுதும் கேட்கலாம். தட்டில் இருக்கும் இறால் பண்ணையில் வளர்ந்த வனாமியாக இருக்கலாம், கணவாய் கேரளத்திலிருந்து வந்திருக்கலாம். அதில் தப்பில்லை, சொல்லிவிட்டால் போதும். காசிமேட்டிலிருந்தோ பழவேற்காட்டிலிருந்தோ வந்திருந்தால், பார்மாவுக்குக் கொடுக்கும் அந்த ஒரு வரியை இந்த ஊர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

இது வெறும் கௌரவப் பிரச்னை இல்லை. இத்தாலிக்காரன் தக்காளிக்கு ஊர்ப்பெயர் போடுவது பாசத்தால் மட்டுமில்லை, வியாபாரத்தாலும்தான். பெயர் போட்டுவிட்டால் அந்த மண் கெடும்போது விவசாயியோடு சேர்ந்து வியாபாரியும் சமையல்காரரும் சாப்பிடுகிறவரும் சத்தம் போடுவார்கள். எல்லோருக்கும் அதில் காசு இருக்கிறது. எண்ணூரில் எண்ணெய் படர்ந்தபோது கத்தியது பெரும்பாலும் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும்தான். நகரத்தின் மிக விலை உயர்ந்த மேசைகள் வாயைத் திறக்கவில்லை. திறக்க அவற்றுக்குக் காரணமே இல்லை, மெனுவில் எண்ணூர் இல்லையே.

அடுத்த முறை குடும்பத்தோடு போகும்போது, ஆர்டர் எடுக்க வருகிறவரிடம், “கணவாய் எந்தக் கரை தம்பி?” என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உள்ளே போய் செஃப்பிடம் கேட்டுவந்து சொல்லட்டும். பத்து மேசையில் பத்து நாள் இதே கேள்வி வந்தால், அடுத்த மெனுவை அச்சடிக்கும்போது அந்த வரி தானாக ஏறிவிடும்.